உப்பளத்துக் களைப்பு விளக்கு

முதலில் ஊதியவர் மேலாளர் தனபாலன். அன்று காலை அவர் செய்திருந்த வேலை, காரிலிருந்து இறங்கித் தகரக் கொட்டகை வரை நாற்பதடி நடந்ததுதான். குழாயில் வாயை வைத்து ஊதினார். பெட்டிக்குள் ஊதா நிறத்தில் ஏதோ மினுங்கி அணைந்தது. திரையில் 74 என்று விழுந்தது.

"எழுவத்தி நாலா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அதான் ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருந்துச்சு."

அறுபதைத் தாண்டியவரிடம் அன்றைக்கு வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். தனபாலன் சட்டத்தை மதிப்பவர். வந்த காரிலேயே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்து ஊதியவள் ஞானவடிவு. நாற்பத்தாறு வயது. காலை ஐந்து மணிக்குப் பாத்தியில் இறங்கி, பதினொரு மணிவரை உப்பு வாரி, பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து, தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டிவிட்டு வந்திருந்தாள். முழங்கால் வரை உப்புநீர் காய்ந்து, வெள்ளைக் காலுறை போட்டவள் மாதிரி நின்றாள். ஊதினாள்.

19.

"மிஷினு தூங்குதா தம்பி?" என்று கேட்டாள்.

தம்பி என்பவன் நவநீதன். விளக்கைக் கொண்டுவந்து பொருத்திய கம்பெனி ஆள். ஊர் கோயம்புத்தூர். குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னான். 19. மூன்றாம் முறை 18.

"ஊத ஊதக் களைப்பு கொறையுதுடே. இன்னும் நாலு தடவ ஊதுனா நான் கொமரியா ஆயிருவேன்," என்றாள் ஞானவடிவு. கொட்டகை சிரித்தது.

களைப்புச் சட்டம் அந்த வருடம்தான் வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதுவரை ஒரு தொழிலாளி களைத்துவிட்டாரா இல்லையா என்பதைக் கங்காணியின் கண் முடிவு செய்தது. கங்காணியின் கண்ணுக்கு யாரும் களைத்ததில்லை. ஆகவே, மனிதரை நம்பாமல் மூச்சை நம்புவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. அறுபதுக்கு மேல் போனால் கூலியோடு ஓய்வு. அறுபதுக்குக் கீழே இருந்தால் ஓய்வு கேட்க முடியாது. எண் பொய் சொல்லாது என்று அமைச்சர் சொன்னார். எண் பொய் சொல்லவில்லைதான்.

"ஒரு லைட்டு எப்பிடிப்பா மூச்ச எண்ணும்?" என்று கேட்டாள் இசக்கியம்மாள். ஐம்பத்தெட்டு வயது. அந்த அளத்திலேயே மூத்தவள்.

நவநீதனுக்கு யாராவது இப்படிக் கேட்டால் சாப்பாடு வேண்டாம். "மூச்சுல ஆயிரம் சரக்கு கலந்து வருதுங்கக்கா. அதுல ஒண்ணுதான் களைச்ச உடம்புல இருந்து வர்றது. ரெண்டு துண்டு கைகோத்துட்டு இருக்கற மாதிரி ஒரு மூலக்கூறு. இந்த வெளிச்சம் அந்தக் கைய மட்டும் பிரிச்சு விட்டுடும்."

"வெளிச்சம் பிரிக்குமாக்கும்?" என்றாள் தங்கக்கனி. முப்பத்தைந்து வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. "நாங்க நாள் பூரா வெயில்லதான நிக்கோம். கையும் காலும் ஒட்டித்தான கெடக்கு?"

"அந்த ரக வெளிச்சம் தரைக்கு வந்து சேர்றதில்லீங்க. மேலயே தடுத்துடுது. இதுக்குன்னு ஒரு அளவு இருக்கு. அந்த அளவுக்குக் கீழ இருக்கற வெளிச்சத்தக் கோடி விளக்கு வெச்சு அடிச்சாலும் பிரியாது. அளவு சரியா இருந்தா ஒரே ஒரு பொட்டு பட்டாப் போதும். படக்குன்னு பிரிஞ்சுடும்."

ஞானவடிவு தலையாட்டினாள். "எங்க தெருவுல ஒரு குடும்பம். மாமியாக்காரி பத்து வருசமா கத்துனா, பிரியல. கொழுந்தன் பொண்டாட்டி வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னா. மறுநாளு ரெண்டு அடுப்பு."

"அதேதானுங்க!" நவநீதன் எழுந்தே நின்றுவிட்டான். "கைகோக்கறதுன்னா ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு ரெண்டு பேரும் பொதுவா வெச்சுக்கறது. பிரியறப்ப ஒருத்தன் அந்த ரெண்டையும் சுருட்டிட்டு ஓடிடறான். அவனுக்கு ஒண்ணு கூடுதல். விட்டவங்களுக்கு ஒண்ணு குறை. ரெண்டு பேருக்குமே அயனின்னு பேரு. உள்ள ரெண்டு தகடு இருக்கு. ஒண்ணு சுருட்டினவன இழுக்கும், ஒண்ணு விட்டவங்கள இழுக்கும். போய் மோதற ஒவ்வொண்ணையும் எண்ணினா உங்க களைப்பு."

"சுருட்டுனவன் ஆம்பளதான்," என்றாள் தங்கக்கனி.

"உப்பே அப்படித்தானுங்க. சோடியம் விட்டுக் குடுத்தது, குளோரின் சுருட்டினது."

இசக்கியம்மாள் தட்டுமேட்டில் மலைபோல் கிடந்த உப்பைத் திரும்பிப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சு வருசமா சுருட்டுன பயலத்தான் தலையில தூக்கிச் சொமந்திருக்கேன்," என்றாள். "எவனாவது ஒரு வார்த்த சொன்னானா!"

சிரிப்பு அத்தோடு முடிந்தது. அதுவரை பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணிவரை யார் வேண்டுமானாலும் கொட்டகை நிழலில் உட்காரலாம். அந்த ஒரு மணி நேரம் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. உப்பளம் உண்டான நாளிலிருந்து இருந்தது. மறுநாள் தனபாலன் கொட்டகை வாசலில் சங்கிலி கட்டினார்.

"அறுவதுக்கு மேல இருக்கவங்க உள்ள வாங்க. மத்தவங்களுக்கு என்ன களைப்பு? மிஷினே சொல்லுதே. கவர்மெண்டு மிஷினும்மா, என் மிஷின் இல்ல."

மொத்தம் முப்பத்தெட்டுப் பெண்கள். ஒருவரும் முப்பதைத் தாண்டவில்லை.

எண்ணை ஏற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தங்கக்கனி பாத்தி வரப்பில் நாலு சுற்று ஓடி வந்து ஊதினாள். 17. மூச்சை அடக்கி, கண் பிதுங்கி ஊதினாள். 17. தூக்குச்சட்டியில் இருந்த சின்ன வெங்காயம் எட்டையும் பச்சையாக மென்றுவிட்டு ஊதினாள். திரையில் எண்ணே வரவில்லை. 'குழாயைச் சுத்தம் செய்யவும்' என்று வந்தது.

"மிஷினுக்கே நாத்தம் தாங்கல. ஒன் வீட்டுக்காரன் எப்பிடிட்டி தாங்குதான்?" என்றாள் ஞானவடிவு.

"அவன் எங்க தாங்குதான்? அவன் சாராய நாத்தத்த நான்தான தாங்குதேன்."

பங்குனி கடைசியில் ஒரு நாள், மதியம் ஒரு மணிக்கு, இசக்கியம்மாள் நிறைபெட்டியோடு வரப்பில் விழுந்தாள். உப்பு சரிந்து முகத்தை மூடியது. ஞானவடிவும் தங்கக்கனியும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சங்கிலியைத் தாண்ட முடியவில்லை. முதலில் ஊதச் சொன்னார் தனபாலன். கிழவியின் வாயில் குழாயைச் செருகி, ஞானவடிவு அவள் முதுகைத் தட்டினாள்.

11.

"பதினொண்ணுல யாரும் களைப்புல விழ மாட்டாவ," என்றார் தனபாலன். "கால் வழுக்கியிருக்கும். செருப்பு போட்டு நடங்கன்னா கேக்கதில்ல."

கொட்டகைக்கு வெளியே இரண்டு பெண்கள் ஒரு சேலையை விரித்துப் பிடிக்க, அந்த நிழலில் இசக்கியம்மாளைக் கிடத்தினார்கள். உள்ளே நாற்பது பேர் படுக்கும் இடம் காலியாகக் கிடந்தது. அன்று நவநீதன் தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. விளக்கைக் கழற்றிப் பூட்டினான், கழற்றிப் பூட்டினான். தகடு சரி, வெளிச்சம் சரி, எண்ணிக்கை சரி. தலைமை அலுவலகத்துக்கு எழுதினான். 'முந்நூறு பேரிடம் சோதித்த கருவி' என்று பதில் வந்தது. அந்த முந்நூறு பேர் யாரென்று விசாரித்தான். அதே அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்.

சித்திரையில் எதிர்பாராத மழை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. பாத்தியில் கட்டியிருந்த உப்பெல்லாம் வந்த வழியே கரைந்து போனது. தண்ணீர் வடிந்து, மறுபடி பாத்தியில் வெயில் காய்ச்சல் ஏறி, உப்பு பூக்கும்வரை அளத்தில் வேலை இல்லை. பதினொரு நாள்.

ஞானவடிவு முதல் நாள் வீடு மெழுகினாள். இரண்டாம் நாள் துவைக்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாம் நாள் சும்மா உட்கார்ந்தாள். கூரை ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை.

எங்கிருந்தென்று சொல்ல முடியாமல் வலித்தது. குதிகாலில் தொடங்கி, கழுத்துப் பிடரியில் பெட்டி உட்காரும் இடம்வரை ஒவ்வொரு கணுவும் தனித்தனியாகக் குரல் கொடுத்தது. செம்பைத் தூக்கக் கை வரவில்லை. தெருவில் எட்டிப் பார்த்தால், அளத்துக்குப் போகும் வீடுகள் எல்லாவற்றிலும் தைல வாசம். "மழத்தண்ணி உடம்புல எறங்கிட்டு," என்றாள் இசக்கியம்மாள். "உக்காந்தாலே சீக்குதான். சீக்கிரம் அளத்த தொறங்கடே."

பன்னிரண்டாம் நாள் திறந்தார்கள். உப்பு நன்றாகப் பூத்திருந்தது. தொலைவில் மறுபடி மேகம் கட்டியிருந்ததால் இரண்டு நாளுக்குள் வாரியாக வேண்டும். தனபாலன் வரப்பில் நின்று கையைத் தட்டினார். பாத்தியில் இறங்குமுன் ஊதும் முறைப்படி ஞானவடிவு ஊதினாள்.

91.

இசக்கியம்மாள் 96. தங்கக்கனி 88. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட எண்பதுக்குக் கீழே இல்லை.

"மெதுவா ஊதுங்கம்மா!" என்று கத்தினார் தனபாலன். "லேசா! கொழந்த ஊதுத மாதிரி!" லேசாகவும் 91தான். "மாடா ஒழைச்சப்ப பத்தொம்போது, பதினோரு நாள் சும்மா கெடந்துட்டு வந்தா தொண்ணூத்தொண்ணா? ஏ நவநீதா, அத அணைப்பா!"

"அணைக்க முடியாதுங்க. தொழிலாளர் துறை சீல் வெச்சிருக்கு. நம்பர் நேரா அங்க போயிடுது."

சங்கிலி அவிழ்ந்தது. முப்பத்தெட்டுப் பேரும் கொட்டகைக்குள் போய்ப் படுத்தார்கள். எதிரே உப்பு வெயிலில் பளபளத்துக்கொண்டு, யாரும் தொடாமல் கிடந்தது.

நவநீதன் பழைய எண்களையும் புது எண்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தான். பிறகு அவனாகவே பேசத் தொடங்கினான். "நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோமுங்க. அது களைப்புல வர்ற சரக்கு இல்ல. உடம்பு தன்னைப் பழுது பாத்துக்கறப்ப வர்ற சரக்கு. ஓய்வு கெடைக்கற உடம்பு கொஞ்சம் அசைஞ்சாலும் உடனே பழுது பாக்க உக்காந்துடும். நம்பர் ஏறும். உங்க உடம்புக்கு அதுக்கு நேரமே குடுக்கல. பழுதெல்லாம் அப்படியே அடுக்கி வெச்சிருந்திருக்குது. இப்பத்தான் கடையத் தொறந்திருக்குது."

"இந்த நம்பர் எப்ப அறுவதுக்குக் கீழ வரும்?" என்றார் தனபாலன்.

"ஓய்வுல விட்டா இருவது நாள் ஆகுமுங்க."

"வேல வாங்கினா?"

நவநீதன் யோசிக்காமல் உண்மையைச் சொன்னான். "நாலே நாள்ல பத்தொம்போதுக்கு வந்துடும்."

சொன்ன பிறகுதான் தனபாலனின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் வெளிச்சம் பட்டு ஏதோ பிரிந்திருந்தது.

அன்று மாலையே அறிக்கை போனது. ஆறு பக்கம், வண்ணத்தில் வரைபடம். வேலை நடந்த நாட்களில் எண் தாழ்ந்திருக்கிறது. வேலை இல்லாத நாட்களுக்குப் பின் எண் உயர்ந்திருக்கிறது. எனவே களைப்புக்குக் காரணம் ஓய்வு என்பது கருவியின் மூலமே நிரூபணமாகிறது. தொழிலாளர் நலன் கருதி வார விடுமுறையையும் ரத்து செய்ய அனுமதி கோருகிறோம். நலன் என்ற சொல் ஒன்பது இடத்தில் இருந்தது.

அடுத்த வாரம் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் பாக்கியலதா ஜீப்பில் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒரு தோளில் கோப்புப் பை, இன்னொரு தோளில் காய்கறிப் பை. வழியில் வாங்கியிருப்பார் போல. முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒவ்வொருத்தரா வாங்க. எனக்கு நாலு மணிக்கு இன்னொரு இடம் போகணும்," என்றார்.

இசக்கியம்மாளிடம் கேட்டார்: "வேல செஞ்சப்ப வலிச்சுதா? சும்மா இருந்தப்ப வலிச்சுதா?"

"உள்ளதத்தான சொல்லணும் தாயி? ஓடிக்கிட்டு இருந்தப்ப ஒண்ணும் தெரியல. உக்காந்த பொறவுதான் அம்புட்டும் வலிக்கு."

பாக்கியலதா எழுதிக்கொண்டார். தனபாலன் கூரையைப் பார்த்து நன்றி சொன்னார்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். உட்கார்வது என்றால் சீக்கு, படுப்பது என்றால் சாவு என்று வளர்ந்தவர்கள். அளத்துக்காரனுக்குப் பயந்து ஒருத்தியும் சொல்லவில்லை. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார்கள். தங்கக்கனிகூட, "நான் வேலைக்கே போயிருதேம்மா, வீட்டுல கெடந்தா இடுப்பும் வலிக்கு, அவன் மூஞ்சியும் பாக்கணும்," என்றாள். நவநீதன் மூலையில் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சாண் குறைந்துகொண்டிருந்தான். முப்பத்தேழு பேர் சொல்லி முடித்தபோது அறிக்கையின் கீழே கையெழுத்து போடும் இடம் மட்டும்தான் பாக்கி.

முப்பத்தெட்டாவது ஞானவடிவு.

"எனக்கும் அப்பிடித்தாம்மா," என்று தொடங்கினாள். தனபாலன் பேனா மூடியைக் கழற்றி ஆய்வாளரிடம் நீட்டினார். "சும்மா இருந்த பொறவுதான் வலிக்கு. பொய் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கேன். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தா காலு மரத்துப்போவும்லா? அப்ப ஊசிய வச்சுக் குத்துனாலும் தெரியாது. சொகமாத்தான் இருக்கும். எந்திரிச்சு நிக்கயில ரத்தம் எறங்கும் பாருங்க, உயிரு போவும். அதுக்காவ காலு மரத்தே கெடக்கட்டும், நீட்டாதன்னு எவனாவது சொல்லுவானா? சொன்னா அவன் டாக்டரா, திருடனா?"

இசக்கியம்மாள் தன் முழங்காலையே புதிதாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"நாப்பது வருசமா மரத்துக் கெடந்துருக்கோம். நீட்டி இருவது நாளுகூட ஆகல."

"மேடம், இது கத," என்று குறுக்கிட்டார் தனபாலன். "நம்மகிட்ட வரைபடம் இருக்கு. மிஷின்மேல சந்தேகம்னா நீங்களே ஊதிப் பாருங்க. ஒங்கள மாதிரி ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்கவங்களுக்கு எழுவதுக்குப் பக்கத்துல காட்டும். அதான் முறையான களைப்பு. இவங்களுது பழக்கதோசம்."

பாக்கியலதாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விவாதம் முடிந்தால் சரி என்று குழாயை வாங்கி ஊதினார். ஊதா ஒளி மினுங்கி அணைந்தது.

9.

தனபாலனுக்குக் கொஞ்சம் குழப்பம். ஆனால் சட்டென்று சமாளித்தார். "பாருங்க! ஒங்களுக்குக் களைப்பே இல்ல மேடம்! இந்த வயசுலயும் என்ன சுறுசுறுப்பு!"

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த அளத்தில் ஒற்றை இலக்கத்தை யாரும் பார்த்ததில்லை. வரப்பில் விழுந்த இசக்கியம்மாளுக்கே பதினொன்று. முப்பத்தெட்டுப் பேரும் ஆய்வாளரைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் சொந்தக்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

ஞானவடிவு நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். "வீட்டுல எத்தன பேரும்மா?"

"அது எதுக்கு..." என்றவர், "ஆறு பேர்," என்றார்.

"சமையலு?"

"நான்தான்."

"படுத்த படுக்கையா யாரும் கெடக்காவளோ?"

"மாமனார். நாலு வருஷமா." பேனா தாளின்மேல் நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பது சொல்லுதே. ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கிடையாது," என்றார் பாக்கியலதா. சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தைத் தானே திரும்பக் கேட்டவர் போல நிறுத்தினார்.

"கடைசியா எப்பம்மா சும்மா உக்காந்தீங்க?"

பாக்கியலதா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். உதடு அசைந்தது, ஒரு வருடத்தைத் தொட்டு, இல்லை என்று அதற்கு முந்தைய வருடத்துக்குப் போய், அங்கேயும் ஏதோ பிரசவம் வந்து நின்று, பின்னால் போய்க்கொண்டே இருந்தார். தனபாலன் நீட்டிய பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பேனாவை எடுத்தார்.

அறிக்கையின்மீது குறுக்கே எழுதினார். மதிய ஒரு மணி நேர ஓய்வு எல்லோருக்கும் உண்டு; அதற்கு யாரும் ஊத வேண்டியதில்லை. வார விடுமுறை தொடரும். முப்பதுக்குக் கீழே எண் காட்டுபவரைத் துறை மறு உத்தரவு போடும்வரை ஆபத்தில் இருப்பவராகக் கருதி உடனே வேலையிலிருந்து எடுத்து நிழலில் அமர்த்த வேண்டும்.

"மேடம், நிழல்ல அமர்த்தினா நம்பர் ஏறுமே," என்றார் தனபாலன் அழாத குறையாக.

"ஏறட்டும்."

"ஏறினா அறுவத தாண்டுமே! அப்பவும் ஓய்வு குடுக்கணுமே!"

"சட்டத்த நீங்க நல்லாப் படிச்சிருக்கீங்க," என்று கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினார்.

நவநீதன் மூலையில் மறுபடி முழு உயரத்துக்கு வந்திருந்தான்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. நாலு மணி இடத்துக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். பாக்கியலதா கோப்பைப் பையில் வைத்தார். காய்கறிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். எழுந்தார். திரையில் அந்த 9 இன்னும் அணையாமல் இருந்தது. தான் இப்போது எழுதிய வரியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தவர் போலக் கொஞ்சம் நின்றார்.

தங்கக்கனி நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

ஜீப் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது. பாக்கியலதா தோளிலிருந்து பையை இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து, கால்களை நீட்டினார்.

"கொஞ்ச நேரத்துல வலிக்க ஆரம்பிக்கும் தாயி," என்றாள் இசக்கியம்மாள், அவர் முதுகுக்குச் சுவரோரம் தன் துணிமூட்டையை நகர்த்தி வைத்தபடி. "பயந்துராதீக."